போடுவது சரி, எடுப்பது ஆர்?

உடம்பு வைப்பதைப் பற்றி வன்னியில் இருந்துகொண்டு எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2009இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். அதே சனத்தின் வயிற்றுக்குள் பசியைக் குறைக்க என்ன கருவி வைக்கலாம் என்று இன்றைக்கு யோசிப்பது சிலருக்குப் பகிடியாகத் தெரியலாம், சிலருக்குக் கோபமும் வரலாம். ஆனால் நான் வேலை செய்வது கிளிநொச்சியில் ஒரு பாமசியில். காலையில் கடை திறந்தால் மத்தியானம் வரைக்கும் கையில் வருகிற மருந்துத் துண்டுகளில் முக்கால்வாசி மெற்போமின், லொசாற்றன், அற்றோர்வஸ்ரற்றின்தான், அதாவது சீனி வருத்தம், பிரசர், கொழுப்புக்கான குளிசைகள். துண்டை நீட்டுகிற கை முப்பத்தைந்து நாற்பது வயதுக் கையாகவும் இருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எல்லாரும் சைக்கிள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவரும் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் ஓடினார், அதுவும் அவசரத்துக்கு. பிறகு முகாம், நிவாரண மா, ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி. ஊருக்குத் திரும்பினால் லீசிங்கில் மோட்டார் சைக்கிள், வயலில் வெட்டு மிசின், ஏ9 வீதி நெடுக பேக்கரி. பட்டினி கிடந்த உடம்பு கிடைத்ததை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. இதுக்கு மேல் விளக்கம் எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், நான் சொல்ல வந்தது சின்னம்மாவின் கதை.

சின்னம்மா பரந்தன் பக்கம் இருக்கிறார். உயரம் ஐந்தடி, எடை எண்பதைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தம், பிரசர், இரண்டு முழங்காலும் தேய்வு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற உடல் நிறைச் சுட்டி (BMI) 34க்கு மேலே வரும். எங்கள் சனத்துக்கு 27.5ஐத் தாண்டினாலே ஆபத்து கூட என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது, அதே சுட்டி உள்ள வெள்ளைக்காரரை விட எங்கள் வயிற்றில் கொழுப்புக் கூடுதல். ஆக, 34 என்பது சும்மா விடக்கூடிய கணக்கு இல்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ‘மெலியோணும் அம்மா’ என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து சோற்றைக் குறைப்பார், பிறகு பின்னேரம் மயக்கமாக வருகிறது என்று இரண்டு மாரி பிஸ்கட், அதோடு ஒரு தேத்தண்ணி.

ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஒரு நாள் வட்ஸ்அப்பில் வந்தார். அவரோடு வேலை செய்கிற ஒருத்தி வயிற்றுக்குள் பலூன் வைத்து மெலிந்துவிட்டாளாம். ‘அக்கா, சென்னையிலை இதை நல்லாச் செய்யினம். வெட்டுக் கொத்து ஒண்டும் இல்லை. காசு நான் பாக்கிறன், பலாலியிலை பிளேன் ஏறினா ஒரு மணித்தியாலம்.’ அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘நீ பாமசியிலைதானே நிக்கிறாய், உதைப் பற்றி வாசிச்சு அக்காவுக்கு விளங்கப்படுத்து’ என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்.

அப்படித்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். இரவில் கடை பூட்டிய பிறகு வாசித்தது, ஒரு கட்டத்தில் சின்னம்மாவை மறந்தே வாசித்தது. ஏனென்றால் இந்தக் கருவிகளின் வரலாறு அவ்வளவு விசித்திரம்.

வயிற்றுக்குள் வைத்தவை

பலூன் புதுச் சாமான் இல்லை. 1985இலேயே அமெரிக்காவில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. காற்று நிரப்பிய பிளாஸ்ரிக் குமிழி. ஆயிரக்கணக்கான பேருக்கு வைத்த பிறகுதான் ஒழுங்கான ஆய்வுகள் நடந்தன. பார்த்தால், குமிழி இருந்தவரும் குமிழி இல்லாமல் உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தவரும் ஒரே அளவுதான் மெலிந்திருக்கிறார்கள். குமிழி வைத்தவருக்கு இரைப்பைப் புண் போனஸ். சிலருக்குக் காற்று இறங்கிக் குடலுக்குள் போய் அடைத்தது. 1988இல் விற்பனையை நிறுத்தினார்கள். இப்போது இருக்கிறது சிலிக்கோன் பலூன். வாயால் குழாய் விட்டு, உள்ளே போன பிறகு 400 முதல் 700 மில்லிலீற்றர் வரை உப்புத் தண்ணீர் நிரப்புவார்கள். இதில் ஓர்பெரா என்பதற்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி. சராசரியாக உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும், சின்னம்மாவுக்கு என்றால் எட்டுக் கிலோ. முழங்காலுக்கு எட்டுக் கிலோ சின்ன விசயம் இல்லை.

இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி இறுக்கும் சிலிக்கோன் வளையம் ஒன்று இருக்கிறது, லப்பாண்ட் என்பார்கள், அமெரிக்காவில் 2001இல் வந்தது. தோலுக்குக் கீழே ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதில் ஊசி ஏற்றி உப்புத் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து இறுக்கத்தைச் சரி செய்வார்கள். ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தது. பிறகு வளையம் நழுவுகிறது, இரைப்பைச் சுவரை அரிக்கிறது என்று எத்தனையோ பேர் அதைக் கழற்றிவிட்டார்கள்.

அப்புறம் மாயெஸ்ட்ரோ. 2015 ஜனவரியில் அனுமதி பெற்றது. நெஞ்சுப் பக்கம் தோலுக்குக் கீழே பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பெட்டி, அதில் இருந்து இரண்டு வயர் போய், மூளைக்கும் இரைப்பைக்கும் நடுவில் ஓடுகிற வேகஸ் நரம்பில் இருக்கும். மின் துடிப்பு விட்டுவிட்டுப் போய் அந்த நரம்பின் பேச்சை மறிக்கும், பசி குறையும் என்பது எண்ணம். பெட்டிக்கு பற்றரி, அதை வெளியில் இருந்து தோலின் மேல் ஒரு சுருளை வைத்து சார்ஜ் செய்ய வேண்டும். 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா? வயிற்றை சார்ஜ் போடக் காத்திருக்கிற சின்னம்மாவை நினைத்து நான் தனியே சிரித்தேன்.

கடைசியாக அஸ்பயர் அசிஸ்ற். இதைச் சின்னம்மாவுக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்பவும் ஒரு யோசனை உண்டு. 2016இல் அனுமதி கிடைத்தது. வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு இரைப்பைக்குள் குழாய். சாப்பிட்டு இருபது முப்பது நிமிசத்தில் வெளிக் குழாயைக் கொழுவி, சாப்பிட்டதில் கிட்டத்தட்ட முப்பது வீதத்தைக் கழிப்பறைக்குள் வடிய விட வேண்டும். நான் சொல்லி முடிக்கவில்லை, சின்னம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

‘உண்ட சோத்தை வடிய விடுறதோ? இரணைமடுக் குளத்து வான்கதவைத் துறந்து விடுற மாதிரியோ?’

‘ஓம் சின்னம்மா, அப்பிடித்தான்.’

‘அதுக்கு ஆரும் ஒப்புக்கொண்டு வச்சவையோ?’

வைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எடையும் குறைந்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் கறியைக் கிண்டினார். அவர் மனதில் எது ஓடியது என்று எனக்குத் தெரியும், வாசிக்கிற உங்களுக்கும் தெரியும், எழுதத் தேவையில்லை.

சின்னம்மா சொன்னது

நான் நினைத்திருந்தது, இந்தக் கதை இத்தோடு முடியும் என்றுதான். ஏனென்றால் சின்னம்மாவின் உடம்பில் ஏற்கனவே ஒன்று கிடக்கிறது. வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகுப் பக்கம், ஒரு பீஸ், போர்க் காலத்து ஷெல் துண்டு. முழங்கால் நோவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்க எழுதிக் கொடுத்தபோது, அங்கே முதலில் கேட்ட கேள்வியே உடம்புக்குள் இரும்பு ஏதும் உண்டா என்பது. இருக்கிறது என்றதும் எக்ஸ்ரே பார்த்து, வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள், அது சரியான முடிவுதான். காந்தப் புலத்துக்குள் அந்தத் துண்டு அசைந்தால் பக்கத்தில் இருக்கிறதைக் கிழிக்கும். வெட்டி எடுப்பதால் வரும் சேதம் விட்டுவைப்பதால் வரும் சேதத்தை விடக் கூட என்று எப்போதோ ஒரு வைத்தியர் சொன்னதால் அது அப்படியே கிடக்கிறது. வன்னியில் இப்படி எத்தனை உடம்பு. ஆகவே, இன்னொரு சாமானை உள்ளே வைக்க இந்த மனிசி சம்மதிக்காது என்பது வீட்டில் எல்லாருடைய முடிவும். என் அம்மா ‘அவளுக்குக் கிடக்கிறது காணாதோ?’ என்று மாமாவிடம் போனில் சொல்லியும் விட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் சின்னம்மா என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். இதற்கு முன் நான் தொட்டதில்லை. தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒன்று, அழுத்தினால் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. கைப்பையை அந்தத் தோளில் கொழுவமாட்டார், எப்போதும் இடது பக்கம்தான், ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

‘இது என்னட்டைக் கேட்டோ வந்தது தம்பி? எல்லாரும் ஏதோ நான் பயந்து வேண்டாம் எண்டு சொல்லுவன் எண்டு நினைக்கினம். நான் பயப்பிடேல்லை. நான் கேட்டு, நானே ஓம் எண்டு சொல்லி, எனக்கு நல்லதுக்கெண்டு உள்ளுக்கை வைக்கிற ஒண்டு வேறை. குழாயும் வேண்டாம், வயரும் வேண்டாம். பலூன் சரி. அதிலை எத்தினை பேர் செத்தவை எண்டு மட்டும் பாத்துச் சொல்லு.’

நான் சொன்னேன். 2017 ஓகஸ்ற்றில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வைத்தியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது, 2016 தொடக்கம் அதுவரை பலூன் வைத்தவர்களில் ஐந்து மரணங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன, ஐந்தும் வைத்து ஒரு மாதத்துக்குள் நடந்தவை, பலூன்தான் காரணமா என்பது நிச்சயமில்லை. அதே ஆண்டு பெப்ரவரியில் வந்த கடிதத்தில் சில பலூன்கள் உள்ளேயே தானாக ஊதிப் பெருத்தன, சிலருக்குக் கணையம் அழற்சி கண்டது என்று இருக்கிறது. கேட்டுவிட்டு, ‘அஞ்சு பேர் எத்தினை பேரிலை?’ என்றார். கடையில் மருந்து வாங்க வருகிற எவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சாவை வீதமாக யோசிக்க எங்கே பழகினார் என்று நான் விசாரிக்கவில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்றேன். ‘அப்ப எனக்குச் சரி’ என்றார்.

கேட்கப்பட்டவர்கள்

அன்று இரவு மாயெஸ்ட்ரோவின் அனுமதிக் கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன், இந்த முறை அது வேறு மாதிரி இருந்தது. அந்தக் கருவியைப் பரிசோதித்த ஆய்வில் 233 பேர். 157 பேருக்குக் கருவி வேலை செய்தது. 76 பேருக்குப் பெட்டியை உள்ளே வைத்தார்கள், ஓட விடவில்லை. பன்னிரண்டு மாதம் கழித்து, வேலை செய்த கூட்டம் மற்றக் கூட்டத்தை விடத் தன் மிகை எடையில், அதாவது இருக்க வேண்டிய அளவுக்கு மேலே இருக்கிற எடையில், 8.5 வீதம் கூடுதலாகக் குறைத்திருந்தது. ஆனால் ஆய்வு தொடங்கும்போது வைத்த இலக்கு 10 வீதம். அதாவது தேறவில்லை. ஆனாலும் அனுமதி கொடுத்தார்கள். கொடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த அமெரிக்க நிர்வாகமே முன்னின்று நடத்திய ஒரு கணக்கெடுப்பு. உடற்பருமன் உள்ள 600க்கும் மேற்பட்டவர்களிடம் போய், இவ்வளவு எடை குறையும், இவ்வளவு காலம் நிற்கும், இன்ன பக்க விளைவு வரும், சாகிற வாய்ப்பு இவ்வளவு, இதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கருவி தருகிற அளவு எடைக் குறைவுக்கு இந்தக் கருவியின் ஆபத்தை ஏற்கத் தயாரான ஒரு பகுதியினர் இருந்தார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனசு. ஒரு பக்கம், இலக்கைத் தொடாத சாமானை விற்க இது வசதியான வழி என்று படுகிறது. நோவுபட்டவனிடம் போய்க் கேட்டால் அவன் எதற்கும் தலையாட்டுவான். மற்றப் பக்கம், சின்னம்மா. எவ்வளவு ஆபத்துத் தனக்குச் சரி என்று அவர் சொன்னது தலையாட்டல் இல்லை, கணக்குப் பார்த்துச் சொன்னது. வீட்டில் நாங்கள் எல்லாரும் அவருக்காக முடிவெடுத்துவிட்டு இருந்தோம், எங்களுக்கு அவர் மீது பாசம் என்ற ஒரே தகுதியில். எங்கள் கிளினிக் வரிசைகளில் யாரிடமும் ‘நீங்கள் எதற்குத் துணிவீர்கள்’ என்று கேட்பதில்லை. விடியக் காலை நம்பர் எடுத்து, பத்து மணிக்கு உள்ளே போய், கொப்பியில் எழுதி வாங்கி வெளியே வர ஒரு நிமிசம். வைத்தியரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

அந்த 76 பேரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்தவர்கள் அவர்கள்தான். ஓடாத பெட்டியைச் சுமந்துகொண்டு அவர்களும் மெலிந்தார்கள், மிகை எடையில் கிட்டத்தட்ட 16 வீதம். வேலை செய்த பெட்டிக்காரர்கள் 24 வீதம் அளவில். அப்படியென்றால் பெட்டிக்காரர் குறைத்த எடையிலும் பெரும் பங்கு மின்சாரத்தால் வந்தது இல்லை. ஒரு வருசம் முழுக்க யாரோ ஒருவர் அவர்களைக் கூப்பிட்டு, எடை நிறுத்துப் பார்த்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பும் தன் பங்கைச் செய்திருக்கும். என் மட்டில், அந்தக் கூப்பிட்டுக் கேட்பதுதான் பெரிய மருந்து, அதுதான் எங்களிடம் ஸ்டொக் இல்லாத மருந்து.

ஆறு மாதம்

சரி, சின்னம்மா சம்மதம், மாமாவிடம் காசு. பாஸ்போட்டுக்குப் போட்டோவும் எடுத்தாயிற்று. பிறகு எனக்குத் தெரிந்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரிடம் போனில் கதைத்தேன். அவர் பலூன் நல்லதா கூடாதா என்று ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். வைத்த முதல் கிழமை எங்கே இருப்பா? ஆறு மாதம் கழித்து எடுக்கிறது ஆர்?

முதல் கிழமை என்பது சத்தியும் வயிற்றுப் பிரட்டலும். பெரும்பாலானவர்களுக்கு வரும், சிலருக்குத் தண்ணீர்கூடத் தங்காது, சேலைன் ஏற்ற வேண்டி வரும். சீனி வருத்தக் குளிசை போடுகிற ஒருவர் சாப்பிடாமல் சத்தி எடுத்துக்கொண்டு இருப்பது தனி ஆபத்து. பலூன் இருக்கிற காலம் முழுக்க அமிலத்தைக் குறைக்கிற மருந்து போட வேண்டும், அது என் கடையில் இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் அது வெளியே வந்தே ஆக வேண்டும். இரைப்பை அமிலம் சிலிக்கோனை மெல்ல மெல்ல நலிவாக்கும். நாள் கடந்தால் தண்ணீர் கசிந்து, சுருங்கிய பலூன் குடலுக்குள் இறங்கி அடைக்கலாம். அதற்காகத்தான் பல இடங்களில் உப்புத் தண்ணீரோடு நீலச் சாயமும் கலந்து நிரப்புகிறார்கள். கசிந்தால் மூத்திரம் நீலமாகவோ பச்சையாகவோ போகும். அதைக் கண்டவுடன் ஓட வேண்டும். பரந்தனில் ஒருவர் விடியப்புறம் அதைக் கண்டால் எங்கே ஓடுவது? கிளிநொச்சிக்கா, யாழ்ப்பாணத்துக்கா, வைத்தவரைத் தேடிப் பலாலிக்கா? போய்ச் சேருகிற இடத்தில் அவசரப் பிரிவில் நிற்கிற டொக்டர் இப்படியொரு பலூனைக் கண்ணால் கண்டிருப்பாரா?

பலாலியைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். 2019 நவம்பரில் சென்னைக்கு விமானம் தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்றது. திரும்ப ஓடியது 2022 டிசம்பரில். 2020 ஜனவரியில் இங்கிருந்து ஒருவர் பறந்து போய்ப் பலூன் வைத்துக்கொண்டு வந்திருந்தால், ஜூலையில் எடுக்கப் போயிருக்க முடியாது. 2022 நடுவில் கொழும்பில் எடுக்க வேண்டும் என்றிருந்தாலும் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்ற பிறகுதான் வாகனம் வெளிக்கிட்டிருக்கும்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் விற்கிறபோது வைக்கிற அந்த ஒரு நாளைத்தான் காட்டுகிறார்கள். மாமாவும் அந்த நாளைத்தான் பார்த்தார். உண்மையில் வாங்குகிறது ஒரு சாமானை இல்லை, ஒரு ஆஸ்பத்திரியோடு நீண்ட காலத் தொடர்பை. வளையத்துக்கு ஊசி ஏற்ற ஆள் வேண்டும். அஸ்பயர் அசிஸ்ற் குழாயில் எண்ணுகிற ஒரு பொறி உண்டு, 115 தரம் கொழுவியதும் தானாக நின்றுவிடும், கிட்டத்தட்ட ஐந்தாறு கிழமை, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் மாற்ற வேண்டும். அதை நோயாளி கட்டாயம் திரும்பி வரட்டும் என்றே அப்படிச் செய்தார்கள், கெட்டிக்கார வேலை. ஆனால் அதைச் செய்த நிறுவனமே 2022இல் இழுத்து மூடிவிட்டது. மாயெஸ்ட்ரோவும் இப்போது விற்பனையில் இல்லை. நோயாளியைத் திரும்பி வரச் சொன்னவர்கள் தாங்கள் இருந்த இடத்தில் இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் போடுகிற ஊசி மருந்துகள் 2021க்குப் பிறகு இந்தச் சந்தையைத் தலைகீழாக்கிவிட்டன. என் கடைக்கும் ‘மெலியிற ஊசி இருக்கோ’ என்று வருகிறார்கள். ஊசியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறும், அது அதன் குறை. ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் அடுத்த ஊசியைப் போடாமல் விட்டால் போதும், யாரும் வாய்க்குள் குழாய் விட்டு எதையும் எடுக்கத் தேவையில்லை. இந்த வித்தியாசம் ரொறன்ரோவில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு அதுதான் எல்லாம்.

இதை எல்லாம் சின்னம்மாவிடம் சொன்னபோது அவருக்கு என் மேல் கொஞ்சம் கோபம். அவர் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை மாமா வீடியோவில் வந்து ‘அக்கா, எப்ப வெளிக்கிடுறியள்?’ என்று கேட்டதும், போனை என் கையில் இருந்து வாங்கி நேரே முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

‘போட நீ காசு அனுப்புறாய், சரி. எடுக்கிற மாதம் லீவு போட்டுட்டு நீ இஞ்சை வந்து நிப்பியோ? அதை முதல்லை சொல்லு, பிறகு நான் விசாவுக்குக் குடுக்கிறன்.’

மாமா வேலைத் தலத்தில் கேட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.